ஆற்றுத் தலைவரின் நெற்றியில் சேறு

சியூலான் மகனின் காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். லோக் நெளிந்தான். ஒரு கையில் உப்பிட்ட வாத்து முட்டை, மறு கையில் கரண்டி. கஞ்சிக் கிண்ணம் பாதி காலியாகியிருந்தது.

"நெத்தியில இருக்கிறத விட்டுடும்மா. அது கௌ தாத்தா வச்சது."

"அத யாரு தொட்டா? காதுக்குள்ள ஒரு வயலே கெடக்கு. நாத்து நடலாம் போல. அத மட்டும் எடுத்துக்கிறேன்."

அன்று டிராகனை எழுப்பிய நாள். சாங்வான் ஊரின் டிராகன் படகு வருஷம் முழுக்க ஆற்றின் அடிச் சேற்றுக்குள் புதைந்துதான் கிடக்கும். வெயிலில் மரம் வெடிக்காமலும் கரையான் ஏறாமலும் இருக்க அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் கண்ட வழி அது. நாலாம் மாதம் பிறந்ததும் ஆண்கள் ஆற்றில் இறங்கி, கையாலேயே சேற்றை வாரி எறிந்து, படகை மேலே கொண்டுவந்து, கழுவி எண்ணெய் பூசி, அடுத்த மாதப் போட்டிக்கு ஆயத்தம் செய்வார்கள். பெண்கள் படகைத் தொடக்கூடாது, அதிலிருந்து வரும் ஈரச் சேற்றையும் தொடக்கூடாது. காய்ந்த பிறகு தொடலாம். பிள்ளைகளோ சேற்றில் புரண்டே ஆகவேண்டும். டிராகனின் சேறு பட்ட பிள்ளைக்கு அந்த வருஷம் நோய் அண்டாது.

லோக் முட்டையின் மஞ்சளை அம்மாவுக்கு விட்டுவைத்துவிட்டுத் தூங்கப் போனான். அந்த வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

பிறகு தலைவலி என்றான். வாந்தி எடுத்தான். கை கால் இழுத்துக்கொண்டது. நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா, ரத்தத்தில் ஈயம் என்றார். ஒரே நாளில் ஏறியது இல்லை, பிறந்ததிலிருந்து சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது, கடைசியாக ஒரு வாய் நிறைய உள்ளே போயிருக்கிறது என்றார். "எங்க விளையாடுவான்?" என்று கேட்டார். "ஆத்துல" என்றான் லோக்கின் அப்பா மாக். டாக்டரம்மா எந்த ஊர் என்று கேட்டார். சொன்னான். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த வருஷப் படகுப் போட்டி நடந்தபோது லோக் இல்லை.

சாங்வான் ஊரில் ஈயம் எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருபது வருஷமாக உலகத்துப் பழைய கம்ப்யூட்டர்களும் கைபேசிகளும் அந்த ஊருக்குத்தான் வந்து இறங்கின. வீட்டுக்கு வீடு கரி அடுப்பு. அடுப்பின் மேல் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டை வாட்டி, உருகிய ஈயத்தைத் தட்டிவிட்டு, சில்லுகளைப் பிடுங்கி, மிச்சத்தை அமிலத் தொட்டியில் போட்டுத் தங்கம் எடுப்பார்கள். தீர்ந்த அமிலம் ஆற்றுக்குப் போகும். மாக்கும் செய்தான், சியூலானும் செய்தாள், எதிர்வீடும் பக்கத்து வீடும் செய்தன. பிறகு அரசாங்கம் எல்லாப் பட்டறைகளையும் பூட்டி, தொழிலை மலைக்கு அப்பால் ஒரு தொழிற்பேட்டைக்கு மாற்றியது. ஆற்றுக்கு ஒரு தலைவரையும் போட்டது.

ஆற்றுத் தலைவர் பாங் வந்த பிறகு ஆறு மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. கரையில் நீலப் பலகை நட்டார்கள். அதில் அவர் படமும், தொலைபேசி எண்ணும், எந்தப் பாலத்திலிருந்து எந்த மதகு வரை அவர் தலைமை செல்லும் என்ற விவரமும் இருந்தன. வாரம் ஒருமுறை அவர் கரை நெடுக நடக்க வேண்டும். நடந்தாரா என்பதை அவருடைய கைபேசியே மேலிடத்துக்குச் சொல்லிவிடும். எனவே கைபேசி வாரம் தவறாமல் நடந்தது. செயலர் யிப் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள். ஒருமுறை அவளுக்குக் கால் சுளுக்கியபோது கைபேசியை ஒரு வாத்துக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். அந்த வாரம் தலைவர் ஆற்றின் நடுவில் வெகுநேரம் நின்று ஆய்வு செய்ததாகப் பதிவாகி, அவருக்குப் பாராட்டு வந்தது.

மறு வருஷம் நாலாம் மாதம் நெருங்கியது. மாக் படகுக்குப் பெரியவரான கௌ மாமாவிடம் போனான்.

"இந்த வருஷம் பிள்ளைங்கள எறக்க வேணாம் மாமா."

கௌ மாமா தேநீர்க் குவளைகளைக் கொதிநீரில் உருட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒன் வருத்தம் எனக்குத் தெரியாதா? லோக்குக்கு நெத்தியில வச்சவனே நான்தான். ஆனா ஒரு வீட்டுல நடந்ததுக்காக டிராகன் வழக்கத்த மாத்தினா ஊரு கேக்குமா? பிள்ளைங்க கை படாம அது எந்திரிக்காதுன்னு எங்கப்பா காலத்துலேர்ந்து சொல்றாங்க."

"சேத்துலதான் எல்லாம் இருக்கு மாமா."

"நீ சொல்ற. டாக்டரு சொல்றாங்க. ஆபீசுல ஒருத்தன் வந்து, இந்தச் சேறு கெட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே பிள்ளைங்கள நிறுத்துறேன். நான் என்ன ராட்சசனா?"

ஒரு வார்த்தை. அதை வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்று மாக் வட்ட அலுவலகத்துக்குப் போனான்.

நீர்ப் பிரிவில் இருந்தவர் அவனை உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார். "உங்க ஆறு இப்ப மூணாந்தரம். குளிக்கலாம், மீன் புடிக்கலாம்" என்றார்.

"தண்ணியச் சொல்லலீங்க. அடியில இருக்கிற சேறு."

"வாங்க, காட்டுறேன்." உள்ளே கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. "ஆத்துத் தண்ணிய இதுல மோந்து வைப்போம். அரை மணி நேரம் ஆட்டாம அசைக்காம விடுவோம். கலங்கல் எல்லாம் அடியில உக்காந்துடும். மேல தெளிஞ்சத மட்டும் எடுத்துச் சோதிப்போம். அதுதான் முறை."

"அடியில உக்காந்தது?"

"கொட்டிடுவோம்."

"எங்க?"

"ஆத்துலதான். அது ஆத்தோட சொத்தாச்சே, நாங்க வச்சுக்கக் கூடாது."

மண் பிரிவு மாடியில் இருந்தது. அங்கிருந்த அம்மா வெகு கனிவானவர். மண் என்றால் அதில் ஏதாவது விளைய வேண்டும் என்று விளக்கினார்.

"அதுல எதுவும் விளையலீங்க. கோரைகூட மொளைக்கல. அதுக்குத்தான் வந்தேன்."

"அப்ப அது மண்ணு இல்லியே, தம்பி" என்றார் அவர், வருத்தத்துடன்.

கழிவுப் பிரிவு கீழ்த்தளத்தின் பின்பக்கம். அங்கிருந்தவர் இளைஞர், சட்டம் படித்தவர். "கழிவுன்னா யாராவது உண்டாக்கியிருக்கணும். யாரு?"

"ஊரே."

"ஊரு ஒரு ஆள் இல்லீங்க. பேரு வேணும். ஆத்தடியில கெடக்கிற வரைக்கும் அது ஆத்தடி. யாராவது வெளிய எடுத்தா, எடுத்தவரோட கழிவு. அப்ப நாங்க பாப்போம்."

மாக் பேருந்தில் திரும்பும்போது இதை யோசித்துக்கொண்டே வந்தான். சந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தான். மறுநாள் காலை நீர் வற்றியிருந்த நேரத்தில் படகு புதைந்திருக்கும் வளைவில் இறங்கி, ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேறு எடுத்து, மூடி, கழிவுப் பிரிவின் மேஜைமேல் வைத்தான்.

"வெளிய எடுத்துட்டேங்க. பாருங்க."

இளைஞர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அபாய மணி அடித்தது. மாடியில் இருந்தவர்கள் இறங்கி வாசலுக்கு ஓடினார்கள். மண் பிரிவு அம்மா கைப்பையை மறந்து ஓடினார். வெள்ளை உடுப்பு, வெள்ளை முகமூடி, முழங்கை வரை உறை அணிந்த நாலு பேர் வந்தார்கள். டப்பாவை ஒரு பைக்குள் போட்டு, பையை ஒரு பீப்பாய்க்குள் போட்டு, பீப்பாயை வண்டியில் ஏற்றி, மண்டையோடு வரைந்த கொடியோடு கொண்டுபோனார்கள். நாலு பேரும் அன்று காலை அந்த ஆற்றில் குளித்துவிட்டு வந்த உள்ளூர்ப் பையன்கள்தான். மாக்கை அதே கட்டிடத்தில் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். இத்தனை நாள் நடக்காத சோதனை அன்று மாலைக்குள் நடந்து முடிந்தது.

மாக்குக்கு உள்ளூர ஒரு நிம்மதி. "என்ன வந்துச்சுங்க?" என்று கேட்டான்.

"அது வழக்குச் சான்று. குற்றம் செஞ்சவருக்குக் காட்டக்கூடாது" என்றார் இளைஞர். "உரிமம் இல்லாம அபாயக் கழிவு உண்டாக்கியிருக்கீங்க. பேருந்துல வேற கொண்டுவந்திருக்கீங்க, பக்கத்துல ஆளுங்க உக்காந்திருக்க."

"நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லுங்க."

"நல்லதா இருந்தா உங்கள எதுக்கு உக்கார வச்சிருக்கோம்?"

"அத எங்க ஊர்ல வந்து சொல்றீங்களா?"

"எத?"

"சேறு கெட்டதுன்னு."

"சேறு கெட்டதுன்னு யாரு சொன்னா?" இளைஞர் குழம்பிப்போனார். "டப்பாதான் கெட்டது."

அப்போது ஆற்றுத் தலைவர் பாங்கே வந்தார், பின்னால் யிப்போடு. நல்ல உயரம், கனத்த குரல். மாக் எழுந்து நின்றான். தலைவர் அவன் தோளில் கை வைக்கப் போனவர், டப்பா நினைவு வந்து, நாற்காலியின் தோளில் வைத்தார்.

"இந்த ஆறு என் பிள்ளை மாதிரி" என்று ஆரம்பித்தார். "நான் கையில வாங்கும்போது அஞ்சாந்தரம். நாத்தம் புடிச்ச பிள்ளை. யாரும் பக்கத்துல வரமாட்டாங்க. இன்னிக்கு மூணாந்தரம். மூணு வருஷத்துல பிள்ளைய ரெண்டு வகுப்பு ஏத்திவிட்ட தகப்பன் இந்த மாகாணத்துல வேற யாரு? சொல்லுங்க. உங்களுக்கும் பிள்ளை இருக்கும்."

யிப் தலைவரின் காதில் ஏதோ சொன்னாள். தலைவர் தலையசைத்துக்கொண்டார்.

"வருத்தமான விஷயம். எனக்கும் சொன்னாங்க. அது நடந்தது நாலாம் மாசம் இல்லியா, அந்த மாசம் தண்ணி ரெண்டாந்தரத்தத் தொட்டுட்டு வந்துச்சு. நெனவிருக்கு. ஆனா ஒண்ணு, தம்பி. அடியில என்ன கெடக்குன்னு கிளற ஆரம்பிச்சா எந்தக் குடும்பமும் நிக்காது. கிளறாம இருக்கிறதுதான் நிர்வாகம். இனிமே தூக்காதீங்க. தூக்காத வரைக்கும் இந்த ஆத்துல ஒரு குறையும் கிடையாது."

"நான் தூக்கலீங்க" என்றான் மாக். "ஆனா அடுத்த வாரம் ஊரே தூக்குமே. டிராகன எழுப்புவாங்களே."

தலைவர் யிப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை டப்பா வரும்?"

"படகு முழுக்க இருக்கும், ஐயா. பெரிய படகு."

அந்த விழாவுக்குத்தான் மாகாணத்திலிருந்து ஆய்வாளர் வருவதாக இருந்தது. அழகிய ஆறு என்ற விருதுக்கு, மக்கள் ஆற்றோடு கூடி மகிழ்வதை அவர் நேரில் பார்த்தாக வேண்டும். டிராகனை எழுப்பினால் ஊர் முழுக்கக் குற்றவாளி. எழுப்பாவிட்டால் விருது இல்லை. மூன்று பிரிவுகளும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தன. மாக்கை வழக்கு நிலுவையில் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கூட்டத்தின் முடிவை யிப் ஊருக்கு வந்து ஒலிபெருக்கியில் வாசித்தாள். டிராகனிலிருந்து வாரப்படும் சேறு அங்கேயே ஆற்றில் எறியப்பட்டால் அது தூக்கப்பட்டதாகக் கருதப்படாது. உடம்பில் ஒட்டிய சேறு போக்குவரத்தில் உள்ளதாகக் கருதப்படும். சேற்றோடு கரையேறுவது குற்றம் என்பதால், ஒவ்வொருவரும், முக்கியமாகப் பிள்ளைகள், ஏறுமுன் ஆற்றில் மும்முறை முழுகி சேற்றை ஆற்றிடமே ஒப்படைக்க வேண்டும். வாய்க்குள் போகும் சேறு குறித்துத் தனி அறிவிப்பு வரும். வாசித்து முடித்ததும் ஒலிபெருக்கியில் உடற்பயிற்சி இசை போட்டார்கள்.

கௌ மாமா கேட்டுவிட்டு மாக்கைத் தேடிவந்தார். முகத்தில் உண்மையான ஆறுதல் தெரிந்தது. "பாத்தியா, ஆபீசே அனுமதி குடுத்துருச்சு. மூணு தடவ முழுக்காட்டணும்னு கணக்கு வச்சே சொல்லியிருக்காங்கன்னா, யோசிக்காமலா சொல்லுவாங்க? நீ மனசப் போட்டு அலட்டிக்காத."

அவர் போன பிறகு சியூலான் அடுப்படியிலிருந்து பேசினாள். "போன வருஷம் பிள்ளைங்க சும்மா சேத்துல வெளயாடுச்சு. இந்த வருஷம் சட்டப்படி மூணு தடவ முழுகணும். நீ ஆபீசுக்கு நடையா நடந்து சேத்துக்கு லைசன்ஸ் வாங்கிக் குடுத்திருக்க."

இனி எந்தக் கதவைத் தட்டுவது என்று மாக்குக்குத் தெரியவில்லை.

எழுப்பும் நாள் வந்தது. கரையில் மேடை, சிவப்புத் துணி, பட்டாசு. மாகாண ஆய்வாளர் வெள்ளைத் தொப்பியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தலைவர் பாங், மறுபக்கம் மூன்று பிரிவுகளும். ஆண்கள் இடுப்பளவு நீரில் நின்று வாரினார்கள். படகின் முதுகு கறுப்பாக, மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. பிள்ளைகள் அரைக்கால்சட்டையோடு கரையில் வரிசையாக நின்றார்கள். மேளம் ஒலித்ததும் குதிக்க வேண்டும். லோக்கின் வகுப்புப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மாக் வரிசைக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். "தள்ளுங்க மாமா, நாங்க எறங்கணும்" என்றது ஒரு பிள்ளை. இரண்டு காவலர்கள் வந்து, நிலுவையில் இருக்கும் ஆள் என்று அவனை ஓரமாக நிறுத்தினார்கள்.

விருந்தினரின் நெற்றியில் டிராகனின் முதல் சேற்றை வைப்பது வழக்கம். யிப் அதை ஒரு பீங்கான் கிண்ணத்தில், சிவப்புத் துணி மூடி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். மேடையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களில் சியூலானும் ஒருத்தி. தட்டு பக்கத்தில் வந்ததும் மோந்து பார்த்தவள், கெண்டியைக் கீழே வைத்தாள். துணியை விலக்கிக் கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

மேளக்காரர் குச்சியைத் தூக்கியவாறே நின்றுவிட்டார். கௌ மாமா ஆற்றிலிருந்தே கத்தினார். "ஏய் சியூலான், ஈரச் சேறு அது. பொம்பள கை படக்கூடாது. எடு கைய."

"டிராகன் சேறா இருந்தா எடுத்துடறேன் மாமா. வந்து மோந்து பாருங்க."

கௌ மாமா சொட்டச் சொட்ட மேடையேறினார். கிண்ணத்தில் இருந்தது வெளிர் மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி இருந்தது. குனிந்து மோந்தார். மறுபடி மோந்தார்.

"ரோஜாப்பூ வாசம் அடிக்குது."

யிப்பின் முகம் சிவந்தது. "தலைவர் வீட்டம்மா முகத்துக்குப் பூசுற களிமண்ணுங்க" என்று மெல்லச் சொன்னாள். "நல்ல கம்பெனி. உலோகம் எதுவும் கலக்காததுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு."

கௌ மாமாவுக்கு இது அவமரியாதையாகப் பட்டதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. வந்த விருந்தாளிக்குக் கடைச் சேறு வைப்பதா? "மன்னிச்சுக்கங்க ஐயா, எங்க ஊருக்கு மானக்கேடு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். படகின் நெற்றியிலிருந்து இரு கை நிறையக் கறுப்புச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்தார். சேறு விரல்களுக்கிடையில் வழிந்தது. மழைக் குட்டையில் எண்ணெய் மிதக்கும்போது தெரியும் மினுமினுப்பு அதில் இருந்தது. தலைவரிடம் பயபக்தியோடு நீட்டினார்.

தலைவர் ஓர் அடி பின்னால் வைத்தார். கௌ மாமா ஓர் அடி முன்னால் வைத்தார். ஆய்வாளர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். நீர்ப் பிரிவு எழுந்தது, மண் பிரிவு எழுந்தது, கழிவுப் பிரிவு ஏற்கெனவே படியில் இருந்தது. மேடை முழுக்க ஒரே வரிசையாகப் பின்னால் போய், மக்களும் ஆறும் ஒன்று என்று எழுதியிருந்த துணியில் முதுகு சாய்ந்து நின்றது. அதற்குமேல் போக இடமில்லை.

"என்னங்க ஐயா, டிராகன் குடுக்கிறது" என்றார் கௌ மாமா. "உங்க ஆறு. நீங்க தலைவரு. நெத்தியில ஒரு பொட்டு."

"வேணாம் பெரியவரே" என்றார் தலைவர் பாங். அந்தக் கனத்த குரல் போய்விட்டிருந்தது. "எனக்கு வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. போனதும் ஓடிவந்து மேல ஏறும்."

அவர் பொய் சொல்லவில்லை. பதவியேற்ற நாளிலிருந்து அவர் அந்த ஊரில் கலப்பில்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

கௌ மாமாவின் கை நீட்டியபடியே இருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். கரையில் நின்ற பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார். பிறகு மாக் நின்ற பக்கம் பார்த்தார், பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். படிகளில் மெதுவாக இறங்கி, சேற்றைத் தண்ணீருக்குள் கையோடு அமிழ்த்தி விட்டார். கையை வெகுநேரம் கழுவினார்.

"பிள்ளைங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "நீங்களும் ஏறுங்கடா. படக மூடுங்க."

பெண்கள் இறங்கிவந்து ஆளுக்கொரு பிள்ளையைக் கையில் பிடித்தார்கள். சில பிள்ளைகள் சேறு வேண்டும் என்று அழுதன. சியூலான் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு நெற்றியிலும் ரோஜா வாசனைக் களிமண்ணை ஒரு விரல் வைத்தாள். கிண்ணம் காலியாகும் வரை வைத்தாள். லோக்கோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை வந்தபோது அவள் கை கொஞ்சம் நின்றது. அதற்கும் வைத்தாள்.

விழா சிறப்பாக நடந்ததாக அறிக்கை போனது. விருதும் வந்தது. தலைவர் பாங் பெரிய ஆறு ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார். மறு வருஷத்திலிருந்து வட்ட அலுவலகமே ஒரு கண்ணாடியிழைப் படகைக் கொடுத்தது, அதைக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம். நாலாம் மாதம் பிறந்தால் முத்திரையிட்ட வாளியில் விழாச் சேறும் வருகிறது, ரோஜா, மல்லிகை என்று இரண்டு வகை. மாக் எடுத்துப்போன டப்பா அபாயக் கழிவுக் கிடங்கில் தனி அறையில் இருக்கிறது. அதற்கு ஒரு காவலாளி உண்டு. வழக்கு இன்னும் நிலுவையில்தான். பழைய டிராகனை அதற்கப்புறம் யாரும் எழுப்பவில்லை. பிள்ளைகள் யாரும் இறங்குவதில்லை. அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை ஆபீசில் யாரும் சொல்லவுமில்லை.

ஆறு இப்போது இரண்டாந்தரம். மாக் வளைவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஆள் ஏற்றும் ஓடம் தள்ளுகிறான். தண்ணீர் அவ்வளவு தெளிவு, வெயில் நேரத்தில் ஓடத்தின் நிழல் அடியில் விழுவது தெரியும். மூங்கில் கழியை ஊன்றி எடுத்தால், நுனியில் ஒரு முழத்துக்குக் கறுப்பாகத்தான் வருகிறது.